சதுரம் சதுரமாகத் தைத்த போர்வை
அம்மாவின் பழைய சேலைகளில் போர்வை தைக்க ஆரம்பித்து, பாதியில் மாட்டிக்கொண்டேன். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பழைய வேட்டி, அடியில் சேலை. மூன்றையும் முழு அளவில் சுருட்டி தையல் மிஷினுக்குள் தள்ளினால் நகரவே இல்லை. அடித்துணியில் மடிப்பு விழுந்தது. தக்கலை மழையில் வீட்டுக்குள் இருந்து இரண்டு நாள் தையல் பிரித்ததுதான் மிச்சம்.

அப்புறம் 15 அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கையும் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்த்தையல். சுற்றிலும் ஒரு அங்குலம் தைக்காமல் விட வேண்டும், அதுதான் முக்கியம். இணைக்கும்போது மேல்துணிகளை மட்டும் மிஷினில் தைத்து, வேட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி வெட்டி, அடித்துணியை மடித்துக் கையால் தைத்தேன். இப்போது ஒரு மாலைக்கு இரண்டு சதுரம் முடிகிறது. அம்மாவின் ஊதாச் சேலைக் கரையை நடுச் சதுரத்தில் வைத்திருக்கிறேன்.