ஸ்போர்ட்ஸ் காருக்குக் கட்டுப்படியாகும் டயர்: மதுரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் எதை எடுப்பது?

போலோ ஜிடி, விர்ச்சுஸ் ஜிடி, ஐ20 என் லைன், ஆக்டேவியா ஆர்எஸ், அல்லது செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஜெர்மன் கார் ஒன்று. எதுவானாலும் டயர் மாற்றக் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "எந்த பிராண்டு சார் வேணும்?" என்பதுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. முதலில் அளவு, அடுத்து டயர் தயாரான வாரம், பிறகு ஈர ரோட்டில் அதன் பிடிப்பு. இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டுப் பிராண்டுக்கு வந்தால், வீண் செலவு தன்னால் குறையும்.

மதுரையில் கார் ஓட்டுபவருக்கு டயர் என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தார் ரோட்டின் சூடு அதைவிட மோசம். திண்டுக்கல் பக்கமோ விருதுநகர் பக்கமோ நான்கு வழிச் சாலையில் ஏறினால் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டம். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினாலும், 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சிறுமலைக்குப் போனாலும் பிரேக்குக்கும் டயருக்கும் ஓய்வே கிடையாது. இதையெல்லாம்விட ஆபத்தானது கோடை மழையின் முதல் பத்து நிமிடம். மாதக்கணக்கில் ரோட்டில் படிந்த ஆயிலும் ரப்பர் தூளும் மண்ணும் தண்ணீரோடு கலந்து சவ்வு மாதிரி படரும். நல்ல டயரா என்பது அப்போது தெரிந்துவிடும். ஆகவே நமக்கு வேண்டியது சூட்டைத் தாங்கும் கலவை, ஈரத்தில் பிடிப்பு, பள்ளத்தில் விழுந்தாலும் தாங்கும் பக்கச்சுவர். ரேஸ் டிராக்குக்கான அரை மொட்டை டயர்கள் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அருமையாக இருக்கும். தேங்கிய மழைத் தண்ணீரில் அதே டயர் மிதக்கும்.

அளவில்தான் காசு மிச்சம்

டயரின் பக்கவாட்டில் 195/55 ஆர்16 87வி என்று இருந்தால்: அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 இஞ்ச். 87 என்பது ஒரு டயர் தாங்கும் எடை, அதாவது 545 கிலோ. வி என்றால் 240 கி.மீ. வேகம் வரை உத்தரவாதம். எச் 210, டபிள்யூ 270, ஒய் 300. எடைக் குறியீடு 91 என்றால் 615 கிலோ, 94 என்றால் 670. நம் ஊரில் 240-ல் யாரும் போகப் போவதில்லை. ஆனாலும் காரோடு வந்த எழுத்தைவிடக் கீழே இறங்கக் கூடாது. வேகக் குறியீடு உயர்ந்த டயர் சூட்டையும் அதிகம் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கும். எடைக் குறியீட்டிலும் அதே கணக்குதான்.

காரோடு வந்த அளவையே எடுப்பதுதான் பெரும்பாலும் சரி. 195/55 ஆர்16, 205/55 ஆர்16 இரண்டும் பல கார்களுக்குப் பொதுவான அளவுகள் என்பதால் கடைகளில் எப்போதும் இருக்கும், போட்டியில் விலையும் இறங்கும். 225/40 ஆர்18 என்று போனால் தேர்வும் குறையும், விலையும் ஏறும்.

அளவை மாற்றியே தீர வேண்டும் என்றால் வெளி விட்டத்தைக் கணக்கிடுங்கள். ரிம் அளவை 25.4-ஆல் பெருக்கி, பக்கச்சுவர் உயரத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும். 185/60 ஆர்15 என்றால் 381-ஓடு 222 சேர்ந்து 603 மி.மீ. அதே ரிம்மில் 195/60 போட்டால் 615 மி.மீ.; இரண்டு சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் முன்பைவிட இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டும், காரின் அடிப்பாகம் 6 மி.மீ. உயரும். பெயின்ட் அழிந்த வேகத்தடைகள் மலிந்த ஊரில் அந்த 6 மி.மீ. கூட நல்லதுதான். இரண்டு சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் உள்பக்கம் உரசுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள்.

ரிம்மின் அகலமும் முக்கியம். 205/55 ஆர்16 டயருக்கு 5.5 முதல் 7.5 இஞ்ச் அகல ரிம் போதும். 225/45 ஆர்17-க்குக் குறைந்தது 7 இஞ்ச் வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கி, வளைவில் கார் தள்ளாடும். பிடிப்பு கூடும் என்று நினைத்துப் போட்டது ஸ்டீயரிங்கை மந்தமாக்கிவிடும். 17 இஞ்ச் அலாய் ரிம்முக்கு மாறுவது பார்க்க அழகு. ஆனால் பக்கச்சுவர் குட்டையாகும்போது ஒரு பள்ளத்தில் ரிம் வளைந்து, டயரும் புடைத்துக்கொள்ளும். அலாய்க்குக் கொடுக்கும் காசில் அதே 16-க்கு ஒரு படி உயர்ந்த டயர் கிடைக்கும் என்றால், அதையே எடுங்கள்.

நான்கு இலக்கத்தைத் தேடுங்கள்

பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வரும். அதன் முடிவில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம். இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். கடைக்காரர் காட்டும் பக்கத்தில் இல்லையென்றால் டயரைத் திருப்பச் சொல்லுங்கள், போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள், கறுப்பில் கறுப்பாக இருந்தாலும் தெரியும். நான்கு டயரிலும் பாருங்கள். மூன்று புதுசு, ஒன்று பழசு என்று வருவது சாதாரணம். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஒரு வருடம் வரை பரவாயில்லை. இரண்டு வருடம் தாண்டியதை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ரப்பர் சும்மா இருந்தாலும் இறுகும், தகரக் கூரை குடோனில் கிடந்தால் இன்னும் சீக்கிரம்.

வெளிநாட்டு டயர்களில் இந்தச் சோதனையைக் கூடுதல் கவனமாகச் செய்ய வேண்டும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தபின், அரிய அளவுகள் விட்டு விட்டுத்தான் வருகின்றன. விற்காமல் தங்கிய சரக்கு தலையில் கட்டப்படுவதும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், அது கட்டாயம். மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் வரைந்த சின்னம் இருந்தால் அது பனி ரோட்டுக்கான டயர். நம் வெயிலில் மெழுகு மாதிரி கரையும், தொடவே வேண்டாம்.

இப்போது பிராண்டு

விலையை மட்டும் பார்க்காமல் டயர் எந்த வகை என்று பாருங்கள். மிச்செலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா, யோகோஹாமா அட்வான் வரிசைகள் வேகத்துக்கும் வளைவுக்கும் ஆனவை. மிச்செலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்றவை சொகுசு வகை. அமைதியாக ஓடும், அதிக நாள் உழைக்கும், ஈரத்திலும் நன்றாகவே பிடிக்கும். கான்டினென்டல் அல்ட்ரா கான்டாக்ட், அப்பல்லோ ஆஸ்பயர் 4ஜி ஆகியவை இரண்டுக்கும் நடுவில். அப்பல்லோ 2009-ல் வாங்கிய நெதர்லாந்து நிறுவனமான வ்ரெடஸ்டைனின் அல்ட்ராக் வரிசையையும் விசாரியுங்கள். உங்கள் அளவில் இருந்தால் கொடுக்கும் காசுக்கு நல்ல சரக்கு. மதுரையிலேயே டயர் ஆலை உண்டு, வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா. ஆனால் அவர்கள் பேர் போனது டூவீலர் டயரில்.

தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை சென்னை என்று ஓட்டுபவருக்கு நடுத்தர வகையே தாராளம். வாரா வாரம் மலை ஏறுபவர் மட்டும் பைலட் ஸ்போர்ட் மாதிரியான டயருக்குச் செலவழித்தால் அர்த்தம் உண்டு.

பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 200 என்றால் மென்மையான கலவை, நன்றாக ஒட்டும், சீக்கிரம் தேயும். 300-க்குச் சற்று மேல் என்றால் பிடிப்பும் உழைப்பும் கலந்தது. 500 என்றால் உழைப்புக்கு முன்னுரிமை. இது கம்பெனியே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் என்பதால், ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் உதவும். பக்கத்திலேயே டெம்பரேச்சர் என்று இருக்கும். அதில் ஏ இல்லாததை இந்த ஊருக்கு எடுக்காதீர்கள். ட்ராக்ஷன் ஏஏ என்பது ஈர ரோட்டில் நேராகப் பிரேக் அடிக்கும்போது உள்ள பிடிப்பை மட்டுமே சொல்கிறது, வளைவைப் பற்றி அது பேசாது.

விலையைக் கிலோமீட்டரில் பாருங்கள். உதாரணத்துக்கு, 7,000 ரூபாய் டயர் 45,000 கி.மீ. ஓடினால் நான்குக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 62 பைசா. 10,000 ரூபாய் டயர் 30,000-லேயே தேய்ந்தால் 1 ரூபாய் 33 பைசா. பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் சிறியதுதான்.

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டித் தள்ளுபடி என்றால் ஏமாறாதீர்கள். மாட்டுக்கூலி, பேலன்சிங், புது வால்வு, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். பழைய டயருக்கு என்ன கொடுப்பார்கள் என்பதையும் அதிலேயே பேசி முடியுங்கள். பில்லில் டயர் சீரியல் எண் இருக்கட்டும், பின்னால் வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். பழைய டயரில் பட்டனை, அதாவது ரோட்டில் படும் வரிப்பள்ளப் பகுதியை, மறுபடி வெட்டிக் கறுப்பு பூசி விற்பதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். வெட்டிய இடத்தில் கம்பிக்கும் ரோட்டுக்கும் நடுவே ரப்பரே இருக்காது.

நான்குக்கும் காசு இல்லை, இரண்டுதான் முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள், முன்சக்கர டிரைவ் காராக இருந்தாலும். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் அடங்கும். மழையில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும், பெரும்பாலானவர்களால் பிடிக்க முடியாது. சட்டப்படி 1.6 மி.மீ. பட்டன் போதும், ஆனால் 3 மி.மீ.-க்குக் கீழே போனதுமே ஈரத்தில் பிடிப்பு வேகமாக விழும். ஐப்பசிக்கு முன்பே அளந்து மாற்றுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

அம்புக்குறி உள்ள டயர் சுழலும் திசையில் இருக்க வேண்டும். அவுட்சைட் என்று எழுதியது வெளியே தெரிய வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங் வெயிட் குறையும். அலாய்க்கு ஒட்டு வெயிட்தான், தட்டி மாட்டும் வெயிட் விளிம்பைக் கெடுக்கும். நட்டை இம்பாக்ட் கன்னில் இறுக்கி முடிக்காமல் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்கள் பலவற்றுக்கு 120 நியூட்டன் மீட்டர், எதுவானாலும் உங்கள் காரின் மேனுவலைப் பாருங்கள். அதிகம் இறுக்கினால் டிஸ்க் கோணலாகி, பிரேக்கில் நடுக்கம் வரும். அலைன்மென்டுக்கு முன், பின் இரண்டு பிரிண்ட்டும் வாங்குங்கள். முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேல் வழவழப்பு போக வேண்டும்.

காற்றை விடிகாலையில், ஓடாத டயரில் பாருங்கள். கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் அளவே சரி. சூடு 5, 6 டிகிரி ஏறினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும். மத்தியானம் ஓடி வந்த டயரில் 38 காட்டுகிறதென்று காற்றை 32-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை 32 இருக்க வேண்டியது 27-க்குப் பக்கத்தில் நிற்கும். அந்த டயர்தான் நான்கு வழிச் சாலையில் சூடாகி வெடிக்கும். நைட்ரஜன் போட்டாலும் இந்த ஏற்ற இறக்கம் இருக்கும்.

தேய்மானம் காரணத்தைக் காட்டிக் கொடுக்கும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் கேம்பர் (சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்திருப்பது) அல்லது டோ (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்பது). கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ. பக்கச்சுவரில் கட்டை விரல் அளவு புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, அன்றே மாற்ற வேண்டும். பள்ளத்தில் அடித்ததாக எழுதி வாரண்டியைப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள்.

பஞ்சரில், பட்டன் பகுதியில் 6 மி.மீ. வரையிலான ஓட்டைக்கு உள்ளிருந்து ஒட்டும் மஷ்ரூம் பேட்ச் போடுங்கள். வெளியிலிருந்து திணிக்கும் கயிறு வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான். தோள் பகுதியிலோ பக்கச்சுவரிலோ ஆணி ஏறினால் ஒட்ட முடியாது. காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன் ஃபிளாட் டயரோடு வந்த காரில் சாதாரண டயருக்கு மாறினால் காசும் மிச்சம், குலுக்கலும் குறையும். ஆனால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்காது, பஞ்சர் கிட்டும் 12 வோல்ட் காற்று பம்பும் கட்டாயம்.

8,000 முதல் 10,000 கி.மீ.-க்கு ஒருமுறை டயரை இடம் மாற்றுங்கள். அம்புக்குறி உள்ளதை அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டும் மாற்றலாம். பின்னால் அகலமான டயர் உள்ள கார்களில் முன்பின் மாற்றமே முடியாது. அவற்றில் பின் ஜோடி முதலில் தேயும், அதற்கேற்பத் தனி ஜோடியாக வாங்கும் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டு வையுங்கள்.