கத்தாமல் லைன் ஓட்டுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைன், அதாவது ஒரு தையல் மெஷின் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். நானும் அதே வேலைதான். டெய்லரிடம் நாம் கத்துவதில் பாதி டெய்லருக்கானதே இல்லை. ராத்திரி தூங்கவிடாத ஷிப்மென்ட் பயம் காலையில் வாய்வழியாக வருகிறது, அவ்வளவுதான். முதலில் அதைக் கவனிப்போம்.

சாயங்காலம் புரொடக்‌ஷன் கணக்கு எழுதியதும், அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மனதில் ஓடுவதையும் எழுதிவிடுங்கள். ‘துணி வரல, ஷிப்மென்ட் போகாது, ஆர்டர் கேன்சல், என் வேலை காலி’ என்று கோர்வையாகத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, காலையில் நம்மால் என்ன செய்ய முடியும் என்று எழுதவும். ‘கழுத்துப்பட்டிக்கான ரிப் துணி டையிங்கிலிருந்து (சாயப்பட்டறை) வரல’ என்றால் ‘9 மணிக்கு, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசருக்குப் போன்’. ‘பையர் கோபப்படுவார்’ என்பதற்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது, கோடு போட்டுவிடுங்கள். பாதிக் கவலை டையிங்காரர் படவேண்டியது என்பது அப்போது தெரியும்!

தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் நோட்டு போதாது. 14416-க்குப் பேசுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். லைனில் இருக்கும் ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். ஒடியாவிலும் இந்தியிலும் பேசுவார்கள்.

இனி பாராட்டு. நடுவில் நின்று ‘சூப்பர், சூப்பர்’ என்றால், டார்கெட்டை ஏற்றப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். மெஷின் பக்கத்தில் போய் பீஸைக் கையில் எடுங்கள். “அக்கா, நெக் ரிப் எங்கயும் சுருக்கு விழாம உட்கார்ந்திருக்குதுங்க. காலையிலிருந்து உங்க பண்டில்ல ஒண்ணுகூட ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பல.” அக்கா ‘ம்’ என்று அடுத்த பண்டிலைப் பிரிப்பார். போதும், நகர்ந்துவிடுங்கள். ‘அவங்களப் பார்த்துக் கத்துக்க’ என்று பக்கத்து மெஷினுக்குச் சொல்லிவிடாதீர்கள். பாராட்டும் போச்சு, இருவருக்கும் பேச்சும் நின்றுபோகும்.

டெய்லருக்குத் துணையாக பீஸை மடித்து அடுக்கும் கைமடி வேலை செய்பவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. எம் சைஸ் பண்டிலில் எல் கலந்ததைப் பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான். பேக்கிங் வரை போயிருந்தால் மொத்தப் பெட்டியையும் பிரிக்க வேண்டும். அதை புரொடக்‌ஷன் மேனேஜரிடம், அந்தப் பிள்ளையின் எதிரிலேயே, பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

‘இந்த மாதச் சிறந்த தொழிலாளி’ என்று போட்டோ ஒட்டுவது எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. சனிக்கிழமைக் கூலியில் பீஸ் குறைந்தால் அந்தப் போட்டோவைப் பார்த்தே சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியமே பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டெய்லர்களின் கணக்கை ஒத்துப்பாருங்கள். அவர்களும் சின்ன நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். வித்தியாசம் வந்தால் முதலில் உங்கள் நோட்டைச் சரிபாருங்கள்.