உளவியல் ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? நீங்கள் ஏறி வந்த பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்

டிசம்பர் பிறந்ததும் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வேட்டுத் தலைப்போடு என் மேசைக்கு வருவார்கள். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாக உளவியல் சொல்லிக் கொடுக்கிறேன். வரும் தலைப்புகளில் பாதி ஒன்றேதான்: 'சமூக ஊடகங்களும் இளைஞர்களின் மன அழுத்தமும்'. எடுக்கக் கூடாத தலைப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால், "யாரிடம் பார்த்தாய்?" என்று கேட்டால் பதில் வராது. கூகுள் படிவம் ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், வகுப்புத் தோழர்களே நிரப்புவார்கள், மன அழுத்தம் இருக்கிறது என்று முடிவு வரும். நான்கு மாத உழைப்புக்கு அது மிகக் குறைவான கூலி.

அதனால் நான் தலைப்பைக் கேட்பதில்லை. கல்லூரிக்கு வரும் வழியில் இந்த மாதம் உங்களை நின்று பார்க்க வைத்தது எது என்று கேட்கிறேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி நெடுநேரம் யோசித்துவிட்டு, "எங்கள் அத்தை இப்போதெல்லாம் வாரத்தின் நடுவிலேயே பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார், மேடம்" என்றாள். முன்பு எப்படி என்றேன். மாமாவிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும், கேட்டால் எதற்கு என்ற கேள்வி வரும், அதனால் தீபாவளி, பொங்கலுக்குத்தான் போவார் என்றாள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அதைப் பற்றிப் பொருளாதாரக் கணக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். காசு கேட்க வேண்டிய தேவை போனபின், அனுமதி கேட்க வேண்டிய தேவையும் போயிற்றா என்று கேட்க உளவியல் படிக்கிற ஒருத்தி வேண்டும்.

அந்தக் கேள்வியைச் சுருக்கவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. முதலில் அவள் எழுதியது 'இலவசப் பேருந்தும் பெண் விடுதலையும்'. அதை எப்படி அளப்பது? அடுத்து 'பெண்களின் தன்னம்பிக்கை'. அதற்கும் யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் நின்றது இது: 'ஒரே வழித்தடத்தில் வாரம் இருமுறையாவது செல்லும் திருமணமான பெண்கள், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் யாரிடம் என்ன சொல்கிறார்கள், எதைச் சொல்வதில்லை?' யார், எங்கே, எதை என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. உங்கள் கேள்வியையும் இப்படி எழுதிப் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றால் இன்னும் சுருக்க வேண்டும்.

வினாப்பட்டியலுக்கு முன் ஒரு வாரம் சும்மா பாருங்கள்

1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற ஊரில் நெசவாலை மூடப்பட்டது. ஊரே வேலை இழந்தது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் செய்சல் ஆகியோரின் ஆய்வுக் குழு அங்கே போனது. "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒரு ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை இடத்தில் நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். வேலை இழந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை காத்திருந்த பெண்கள் விரைந்து போனார்கள். நூலகப் பதிவேட்டைப் பார்த்தார்கள். நேரம் ஏராளமாக இருந்தும் ஊர் மக்கள் படிப்பது குறைந்திருந்தது. 1933இல் வெளிவந்த அந்த ஆய்வை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. ஒரு கடிகாரமும் ஒரு பதிவேடும் போதும் என்று அது காட்டுகிறது. எங்கள் மாணவர்களிடம் அவ்வளவுதான் இருக்கிறது.

மேலூர் மாணவியை நான் முதல் வாரம் ஒரு கேள்வியும் கேட்க விடவில்லை. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் காலை பத்தரை மணிக்கு உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். அந்த நேரத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பள்ளி, அலுவலகக் கூட்டம் கரைந்த பிறகு ஏறுகிற பெண்கள் வேறு ஆட்கள். அவள் நோட்டில் எழுதிவந்ததில் ஒரு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'பூக்கூடை வைத்திருந்தவர் கண்டக்டர் வருவதற்குள் மூன்று முறை போனில் "ஏறிவிட்டேன்" என்றார்.' அந்த வரியிலிருந்துதான் நேர்காணலின் முதல் கேள்வி பிறந்தது: "பஸ் ஏறியதும் யாரிடம் சொல்வீர்கள்?" பதினான்கு பெண்களிடம் பேசினாள். அவர்களில் ஒருவர் சொன்னார்: "காசு கேட்பது நின்றுவிட்டது. போகட்டுமா என்று கேட்பது நிற்கவில்லை."

பதினான்கு பேர் போதுமா என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டார்கள். ஒருவரின் அனுபவத்தை ஆழமாக அறியும் ஆய்வுக்குப் போதும். எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டுமானால் போதாது. நீங்கள் எதைச் செய்கிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். நாற்பது நிமிட நேர்காணலை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். முப்பது பேரிடம் பேசிவிட்டு எட்டுப் பேருடையதை மட்டும் எழுதிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். நேரம் கொடுத்துப் பேசிய மற்றவர்களுக்கு அது அநியாயம்.

எடுத்துச் செய்யத்தக்க சில

வீட்டுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் அது 289, 88 என்று ஆனது. உங்கள் தெருவில் பத்து வீடுகளில் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியே ஒரே தாளைக் கொடுங்கள். நேற்று காலை ஐந்து மணி முதல் இரவு பதினொன்று வரை அரை மணிக்கு ஒரு கட்டம். தாம் செய்ததையும் மற்றவர் செய்ததாக நினைப்பதையும் நிரப்பட்டும். மனைவி பால் வாங்கியது, மாமியாருக்கு மாத்திரை கொடுத்தது, பிள்ளையின் சீருடையைத் தேய்த்தது ஆகியவை கணவனின் தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணுக்கு எதிரே நடக்கும் வேலை ஏன் கண்ணில் படுவதில்லை என்பது முழுக்க முழுக்க உளவியல் கேள்வி.

வரதட்சணை பற்றிச் செய்ய விரும்பினால், "வரதட்சணையை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். தடைச் சட்டம் 1961லிருந்து இருக்கிறது, எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். சொல்வதும் செய்வதும் வேறு என்பதற்கு 1934இல் அமெரிக்கச் சமூகவியலாளர் லாபியர் வெளியிட்ட ஆய்வு பழைய சான்று. சீனத் தம்பதி ஒருவரோடு அவர் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்தார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் அவர்களை மறுத்தது. பிறகு கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் அனுப்பியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சீனர்களை ஏற்க மாட்டோம் என்றார்கள். எனவே கேள்வியைக் கதையாக்குங்கள். ஒரு திருமணப் பேச்சு. கதை ஒன்றே, வடிவம் இரண்டு. முதல் வடிவத்தில் மாப்பிள்ளை வீட்டார் 25 பவுன் கேட்கிறார்கள். இரண்டாவதில், "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்கிறார்கள். பெண் வீட்டார் அதே 25 பவுன் போடுகிறார்கள். தாள்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, ஒருவருக்கு ஒரு வடிவம் மட்டும் கிடைக்கும்படி கொடுங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் 50 பேராவது வேண்டும். கேள்வி ஒன்றே: "இது வரதட்சணையா?" இரண்டு குழுக்களின் பதிலும் எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. அந்த "செய்வதைச் செய்யுங்கள்" என்ற வாக்கியத்தைக் கேட்காத வீடு நம் ஊரில் குறைவு. அதை ஆய்வகத்துக்குள் கொண்டுவர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

சாதி பற்றிக் கேட்கத் துணிகிறவர்களை நான் மதிக்கிறேன், கூடுதலாக எச்சரிக்கவும் செய்கிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியை அறிவிக்காதபோது குழுக்களிடையே வேறுபாடு இல்லை. எல்லோர் முன்னிலையிலும் அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்தது குறைந்தது. இதைத் திரும்பச் செய்து பார்க்க நினைக்காதீர்கள். நம் ஊரில் ஒரு வகுப்பறைக்குள் சாதியை உரக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அந்தப் பிள்ளைகள் அங்கேயே இருக்க வேண்டும். வேறு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொள்வது பெரும்பாலும் வழக்கத்தில் இல்லை. ஆகவே அந்த வேலையைக் கேள்விகள் செய்கின்றன: எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? விடுதியில் முதல் மாதம் தம்மிடம் கேட்கப்பட்ட இப்படிப்பட்ட கேள்விகளை, பெயரும் சாதியும் குறிக்காமல் மாணவர்கள் எழுதித் தரட்டும். எந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு மாறியது என்பதையும் எழுதட்டும். அந்தத் தாள்களை வேறு யாரும் பார்க்காதபடி பூட்டி வையுங்கள்.

அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது

இங்கேதான் நல்ல ஆய்வுகள் பல சறுக்குகின்றன. ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட பத்து வாக்கிய அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைப் பற்றித் தனக்கு இருக்கும் மதிப்பை அளப்பது அது. ஒரு மாணவர் அதைச் 'சுயமரியாதை அளவுகோல்' என்று மொழிபெயர்த்து உசிலம்பட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியவர் ஒருவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "நான் கட்சியில் எல்லாம் இல்லை, தம்பி" என்றாராம். 1925லிருந்து ஓர் இயக்கத்தின் பெயராக இருக்கும் சொல் அது. அவர் வாசித்தது சரி. 'தன்மதிப்பு' என்று மாற்றினோம். மன அழுத்தமும் மனச்சோர்வும் இப்படித்தான் செய்தித்தாள்களிலேயே ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருகிறது. எனவே தமிழாக்கத்தை ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். பிறகு ஐந்து பேரிடம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "இது என்ன கேட்கிறது?" என்று விசாரியுங்கள்.

இதையே தனி ஆய்வாகவும் செய்யலாம். மனசு பாரமாக இருக்கிறது, நெஞ்சை அடைக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, தலைக்குள் பூச்சி ஓடுகிறது என்று உங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லும் சொற்களைத் திரட்டி, எந்தச் சொல்லுக்கு மருத்துவரிடமும் எந்தச் சொல்லுக்குக் கோயிலுக்கும் போகிறார்கள் என்று கேளுங்கள்.

ஒன்பதாவது கேள்வி

இதை எழுதாமல் இந்தக் குறிப்பை முடிக்க எனக்கு மனம் வராது. மனச்சோர்வை அறியும் பிஎச்க்யூ-9 வினாப்பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் மாணவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. சில ஆண்டுகளுக்கு முன் நான் கையெழுத்திட்டு அனுமதித்த ஓர் ஆய்வில், பெண்கள் விடுதியிலிருந்து அறுபது தாள்கள் வந்தன. ஒன்றில் அந்தக் கேள்விக்கு 3 என்று வட்டமிட்டிருந்தது. ஏறக்குறைய தினமும் என்று பொருள். தாளில் பெயர் இல்லை. பெயர் எழுத வேண்டாம் என்று நாங்களே சொல்லியிருந்தோம். அன்று இரவே விடுதிக்குப் போய் அறை அறையாக எல்லோரிடமும் பேசினேன், உதவி எண்களைச் சுவரில் ஒட்டினோம், ஆற்றுப்படுத்துநர் ஒருவரை ஒரு வாரம் அங்கேயே வரவழைத்தோம். அந்தப் பெண் யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

அதன் பிறகு என் விதி இது. அப்படியொரு பதில் வந்தால் அன்றே என்ன செய்வீர்கள், யார் செய்வார்கள் என்று எழுதித் தராத மாணவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க அனுமதி இல்லை. எந்தத் தாளாக இருந்தாலும், பேச விரும்புகிறவர்கள் கிழித்து எடுத்துக்கொள்ளும்படி கடைசியில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பாதியில் எழுந்து போகலாம் என்று வாயால் சொல்லுங்கள். தாளில் அச்சடித்திருப்பதை யாரும் படிப்பதில்லை. விடுதி, பள்ளி, ஆலை எதுவானாலும் அனுமதிக் கடிதத்துக்கு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள்.

எழுதி முடித்ததும் பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன், நீங்கள் கண்டதை உங்களோடு பேசியவர்களிடம் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். மேலூர் மாணவி மார்ச் மாத வெயிலில் அதே பஸ்ஸில் ஏறி, பூக்கூடைக்காரரைத் தேடிப் பிடித்துத் தன் முடிவுரையை வாசித்துக் காட்டினாள். வீட்டார் கண்காணிப்பதால் அவர் போன் செய்கிறார் என்று எழுதியிருந்தாள். அவர் கேட்டுவிட்டு, "ஒன்று வீட்டுக்கு. மற்ற இரண்டும் அடுத்த நிறுத்தத்தில் ஏறும் என் கூட்டாளிக்கு, அவளுக்கு இடம் பிடிக்க" என்றாராம். நான்காம் அத்தியாயத்தை அவள் அன்றிரவே திருத்தி எழுதினாள்.