விடை சரி, கேள்விதான் தப்பு: பொது அறிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்கள் கூடி நடத்தும் ஒரு சின்ன வினாடி வினாவுக்குச் சில வருடங்களாக நான்தான் கேள்வி எழுதுகிறேன். ஒருமுறை, எல்லோருக்கும் மதிப்பெண் விழட்டும் என்று சுலபமாக ஒன்று போட்டேன்: "கலிலியோ இறந்த ஆண்டில் பிறந்த விஞ்ஞானி யார்?" நாலு பக்கத்திலிருந்தும் நியூட்டன் என்று குரல் வந்தது. மதிப்பெண் போடப் போகும்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "தம்பி, எந்தக் காலண்டர்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவர் எங்கே கை வைத்தார் என்று புரிந்தது. அதற்கப்புறம் என் பழைய கேள்வித் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முழுப் பொய் என்று தள்ளக்கூடியவை கொஞ்சம்தான். பெரும்பாலானவற்றில் தகவலோடு ஒட்டியிருந்த ஒரு சொல் வழியில் எங்கோ உதிர்ந்திருந்தது. எந்த நாள்காட்டி, எந்த அலகு, எங்கிருந்து அளந்தது, யார் எழுதி வைத்தது என்ற அந்த ஒரு சொல்.

தேதியை அப்படியே நம்புவது

கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. இரண்டும் புத்தகத்தில் உள்ள தேதிகள்தான். சிக்கல் என்னவென்றால், முதலாவது இத்தாலியில் புழங்கிய கிரிகோரியன் நாள்காட்டியின் தேதி. இரண்டாவது இங்கிலாந்து விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஜூலியன் நாள்காட்டியின் தேதி.

ஜூலியன் கணக்கில் ஓர் ஆண்டு என்பது சரியாக 365 நாள் 6 மணி. உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. வருடத்துக்குப் பதினொரு நிமிடம் என்றால் யாருக்கும் உறைக்காது. நூற்றாண்டுகள் ஓடியதும் பத்து நாளாகச் சேர்ந்துவிட்டது. 1582-ல் போப் பதிமூன்றாம் கிரிகோரி அதை வெட்டி எறிந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. கத்தோலிக்க நாடுகள் உடனே மாறின. இங்கிலாந்து மாறியது 1752-ல், செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 என்று. ரஷ்யா 1918 வரை இழுத்தது. அதனால்தான் 'அக்டோபர் புரட்சி' நவம்பர் 7 அன்று கொண்டாடப்பட்டது.

இங்கிலாந்தில் இன்னொரு கூத்தும் உண்டு. 1752-க்கு முன் அங்கே சட்டப்படி புத்தாண்டு தொடங்கியது மார்ச் 25-ல். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது அது 1731 பிப்ரவரி 11. இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. மனிதருக்குப் பிறந்த ஆண்டே நகர்ந்துவிட்டது.

ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள் என்று நானே ஒருமுறை பெருமையாகக் கேட்டிருக்கிறேன். ஷேக்ஸ்பியரின் தேதி ஜூலியன். ஸ்பெயின் கணக்கில் அது மே 3. செர்வாண்டிஸோ 22-ஆம் தேதியே இறந்து, 23-ல் அடக்கம் செய்யப்பட்டார் என்பதுதான் ஆய்வாளர்கள் இப்போது சொல்வது. ஆக ஒரே தேதியும் இல்லை, ஒரே நாளும் இல்லை.

1582-க்கும் 1920-களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இரண்டு நாடுகளின் தேதிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது, இந்தப் பெரியவரின் கேள்வியை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டிலும் இது வரும். முதல் நவீன ஒலிம்பிக் 1896 ஏப்ரல் 6 அன்று ஏதென்ஸில் தொடங்கியது. கிரேக்கர்களின் அன்றைய நாள்காட்டியில் அது மார்ச் 25, அவர்களுடைய சுதந்திர தினம். நாளைத் தேர்ந்தெடுத்த காரணமே ஏப்ரல் 6 என்று படிக்கும்போது மறைந்துவிடுகிறது.

'மிக' என்ற சொல்லை எண்ணாமல் போடுவது

உலகின் மிக உயரமான மலை எது? எவரெஸ்ட். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அதில் சந்தேகமே இல்லை. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். ஆனால் அடியிலிருந்து நுனி வரை என்று கேட்டால் ஹவாய்த் தீவின் மௌனா கீ முந்திக்கொள்ளும். வெளியே தெரிவது 4,207 மீட்டர்தான், மீதி கடலுக்குள். அடி எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்து மொத்தம் 9,300 முதல் 10,200 மீட்டர் வரை கணக்கிடுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் எவரெஸ்டைவிட அதிகம்.

பூமியின் மையத்திலிருந்து அளந்தால் மூன்றாவதாக ஒருவர் வருவார்: எக்வடோரின் சிம்போராசோ. பூமி சரியான பந்து இல்லை, இடுப்பில் கொஞ்சம் பிதுங்கியது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவத்தில் இருப்பதைவிடச் சுமார் 21 கிலோமீட்டர் கூடுதல். சிம்போராசோவின் உயரம் 6,263 மீட்டர்தான் என்றாலும், அந்தப் பிதுக்கத்தின் மேல் நிற்பதால் அதன் உச்சி எவரெஸ்ட் உச்சியைவிட மையத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மேசை மேல் ஏறி நின்ற பையன் அப்பாவை எட்டிப் பார்க்கிற கதை. 'உயரம்' என்ற சொல்லுக்கு அது நியாயமா என்றால், என் வரையில் இல்லை. ஆனால் கேள்வியில் 'கடல் மட்டத்திலிருந்து' என்று போட்டுவிட்டால் வம்பே இல்லையே.

பாலைவனமும் அப்படித்தான். மழையும் பனியும் எவ்வளவு விழுகிறது என்பதுதான் பாலைவனத்துக்கு இலக்கணம். அப்படிப் பார்த்தால் சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் கொண்ட அன்டார்டிகாதான் மிகப் பெரியது. சகாரா சுமார் 92 லட்சம். சகாராவை விடையாக வாங்க வேண்டும் என்றால் 'வெப்பப் பாலைவனம்' என்று கேட்க வேண்டும். வேகமான விலங்குக்கும் 'தரையில்' என்று சேர்த்தால்தான் சிவிங்கிப்புலிக்கு (சீட்டா) நியாயம். இல்லாவிட்டால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து இறங்கும் பொரி வல்லூறு வந்து பரிசைத் தூக்கிக்கொண்டு போகும்.

அலகைக் கழற்றிவிடுவது

நெப்போலியன் குள்ளர் என்ற பேச்சு இப்படிப் பிறந்ததுதான். அவர் உயரம் 5 அடி 2 அங்குலம் என்று பிரெஞ்சு ஆவணங்களில் இருக்கிறது. ஆங்கில அங்குலத்தில் அது 157 செ.மீ.; ஆனால் அன்றைய பிரெஞ்சு அங்குலம் சுமார் 2.71 செ.மீ. நீளம். பெருக்கிப் பாருங்கள், 168 வரும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரருக்கு அது சராசரிக்குக் குறைந்த உயரம் இல்லை. பத்து சென்டிமீட்டரை அலகு தின்றுவிட்டது. மிச்ச வேலையை ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே பார்த்துக்கொண்டார். பெரிய தொப்பிக்கும் பூட்ஸுக்கும் நடுவே காலை உதைக்கும் குட்டி மனிதராக அவர் வரைந்ததுதான் மக்கள் மனதில் நின்றது.

இன்றைய வழக்கத்தை அன்றைக்கு மாட்டிவிடுவது

விளையாட்டுக் கேள்விகளில் நான் அதிகம் வழுக்கிய இடம் இது. "1896 ஒலிம்பிக்கில் முதல் தங்கப் பதக்கம் வென்றவர் யார்?" அமெரிக்காவின் ஜேம்ஸ் கானலி, மும்முறை தாண்டுதல். விடையில் குற்றமில்லை. ஆனால் ஏதென்ஸில் யாருக்கும் தங்கம் கொடுக்கவில்லை. முதலிடத்துக்கு வெள்ளியும் ஆலிவ் கிளையும், இரண்டாமிடத்துக்கு வெண்கலம், மூன்றாமவருக்கு ஒன்றும் இல்லை. தங்கம்–வெள்ளி–வெண்கலம் என்ற வரிசை 1904 செயின்ட் லூயிஸில்தான் வந்தது. இன்றைய தங்கப் பதக்கம்கூடப் பெரும்பகுதி வெள்ளிதான். குறைந்தது 6 கிராம் தங்கத்தை மேலே பூசுகிறார்கள்.

மாரத்தான் இன்னும் சுவாரசியம். கி.மு. 490-ல் மாரத்தான் களத்திலிருந்து ஒரு வீரர் 42.195 கிலோமீட்டர் ஓடி, "வென்றோம்" என்று சொல்லி விழுந்து இறந்தார், அந்தத் தூரமே இன்றும் ஓடப்படுகிறது என்று படித்திருப்போம். அந்தப் போருக்கு அரை நூற்றாண்டு கழித்து எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடம் இந்த ஓட்டமே இல்லை. அவர் சொல்வது வேறு ஓட்டம்: போருக்கு முன் உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு, சுமார் 240 கிலோமீட்டர், ஃபைடிப்பிடிஸ் ஓடினார். வெற்றிச் செய்தி சொல்லி இறந்த வீரர் கதையில் நுழைவது இன்னும் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ப்ளூட்டார்க்கின் எழுத்தில்; அங்கே அவருக்குப் பெயரும் வேறு.

அப்புறம் அந்த 42.195? 1896-ல் ஓடியது சுமார் 40 கிலோமீட்டர். 1908 லண்டனில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த மாடத்தின் முன்னால் முடிகிற மாதிரி பாதையை அமைத்தார்கள். அதன் நீளம் 26 மைல் 385 கஜம். அடுத்து வந்த 1912-லும் 1920-லும் மறுபடி வேறு வேறு தூரங்கள். 1921-ல்தான் லண்டன் தூரம் நிரந்தரமானது. கிரேக்க வீரரின் பெயரைச் சொல்லி நாம் ஓடிக்கொண்டிருப்பது ஆங்கிலேய அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு.

'முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை 1975' என்று எழுதுகிறவர்களுக்கும் ஒரு வரி: பெண்கள் 1973-லேயே ஆடிவிட்டார்கள்.

படத்தின் பெயரை வைத்துப் படத்தைப் பார்ப்பது

ரெம்பிராண்ட்டின் 'இரவுக் காவல்' ஓர் இரவுக் காட்சியே இல்லை. வரைந்தது 1642-ல் (கலிலியோ ஆண்டு, மறக்க முடியாது). மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் அழுக்கேறிக் கறுத்துப்போக, பார்த்தவர்கள் இரவு என்று நினைத்து இந்தப் பெயரை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுத்தம் செய்தபோது உள்ளே பகல் வெளிச்சம் இருந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நார்வே ஓவியர் எட்வர்ட் மங்கின் 'அலறல்' ஓவியத்தில் அந்த உருவம் அலறுவதாகத்தான் நானும் நினைத்தேன். இயற்கையின் ஊடாக ஓர் அலறலை உணர்ந்ததாக மங்க் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுப் பார்த்தால், அந்த உருவம் காதைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரியும். 'மோனா லிசா' துணியில் வரைந்ததா என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். அது பாப்லர் மரப் பலகை.

மேற்கோள்களுக்கு நான் வைத்திருக்கும் விதி கறாரானது: அவர் எங்கே எழுதினார் என்று காட்ட முடியாவிட்டால் 'யார் சொன்னது' என்று கேட்பதில்லை. 'உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்பது வால்டேரின் வாக்கியம் இல்லை. 1906-ல் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால், அவர் மனப்போக்கை விளக்க எழுதிய வரி. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் தலையில் கட்டிய 'ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்' கதை, ரூசோவின் தன்வரலாற்றில் பெயர் இல்லாத ஓர் இளவரசியின் பேச்சாக வருகிறது. ரூசோ அந்தப் பகுதியை எழுதியபோது மரி பிரான்ஸுக்கே வந்து சேராத சிறுமி.

விலங்குகளைப் பற்றிய பழைய பொய்களை இங்கே நீட்டப் போவதில்லை. நெருப்புக்கோழி மணலில் தலையைப் புதைப்பதில்லை, குழியில் இருக்கும் முட்டைகளைத் திருப்பக் குனிகிறது. வௌவாலுக்குக் கண் தெரியும். காளைக்குச் சிவப்பைப் பிரித்தறியும் பார்வை கிடையாது, துணியின் ஆட்டம்தான் அதைக் கிளப்புகிறது. லெம்மிங் எலிகள் கூட்டமாகத் தற்கொலை செய்வதில்லை. 1958-ல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காக அவற்றைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டுப் படம் பிடித்தார்கள்.

திருத்துகிறேன் என்று அடுத்த பள்ளத்தில் விழுவது

இது கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு. வைக்கிங்குகள் கொம்பு வைத்த தலைக்கவசம் அணியவில்லை என்று எங்கோ படித்திருப்பார்கள். சரிதான். 1876-ல் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்த டோப்ளர் மாட்டிய கொம்பு அது. 1943-ல் நார்வேயில் கிடைத்த உண்மையான வைக்கிங் கவசத்தில் கொம்பே இல்லை. இதைத் தெரிந்துகொண்டவர் அடுத்த படிக்குப் போய், "கொம்புக் கவசம் என்று ஒன்று இருந்ததே கிடையாது" என்பார். அங்கேதான் மாட்டுவார். டென்மார்க்கில் வெக்ஸோ என்ற இடத்தில் இரண்டு கவசங்கள் கிடைத்திருக்கின்றன, நீண்டு வளைந்த கொம்புகளோடு. அவை வெண்கலக் காலத்தவை, வைக்கிங்குகளுக்கு ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் மூத்தவை.

சீனப் பெருஞ்சுவரும் அப்படி. நிலவிலிருந்து பார்த்தால் தெரியும் என்பது சுத்தப் பொய். 2003-ல் பூமியைச் சுற்றி வந்த யாங் லிவெய் தன் கண்ணுக்கே தெரியவில்லை என்றார். அதற்காக விண்வெளியிலிருந்து படமே எடுக்க முடியாது என்று சொல்லிவிடக் கூடாது. சுற்றுப்பாதையிலிருந்து, நல்ல லென்ஸ் வைத்து, வெயிலும் நிழலும் ஒத்துழைத்தால் கேமராவில் அது விழும்.

இன்னொரு வகைத் தகவலுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2006 ஆகஸ்டில் ஒன்பது கோள்கள் எட்டாயின. சனிக்கு 82 நிலவுகள் என்று 2019-ல் நான் எழுதி வைத்த தாள் இன்னும் இருக்கிறது. 2025 மார்ச்சில் அந்த எண்ணிக்கை 274 ஆகிவிட்டது. இப்போதெல்லாம் எண்ணிக்கை வரும் எந்தக் கேள்வியானாலும் தாளின் ஓரத்தில் மாதமும் வருடமும் குறித்துவிடுகிறேன்.

அந்த நியூட்டன் கேள்வியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. இங்கிலாந்தின் டிசம்பர் 25-ஐ இத்தாலியின் நாள்காட்டிக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4 வருகிறது. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. எனவே கேள்வியை இப்படி மாற்றிவிட்டேன்: "ஒரே நாள்காட்டியில் பார்த்தால், கலிலியோ இறந்து எவ்வளவு காலம் கழித்து நியூட்டன் பிறந்தார்?" அடுத்த முறை அந்தப் பெரியவர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க, அவர் சொன்னார்: "ஒரு வருஷத்துக்கு நாலு நாள் குறைச்சல், தம்பி."