மரப்பயிர் லாபக் கணக்கு: மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சவுக்கு, தேக்கு, மலைவேம்பு என்று இறங்க நினைக்கிற பலர், எக்செல் தாளிலோ அதற்கென்றே உள்ள மென்பொருளிலோ லாபத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழி எடுக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் தேக்கு வைத்த பிறகு கணக்கு தப்பு என்று தெரிந்தால், இருபது வருடத்துக்கு நிலம் மாட்டிக்கொள்ளும்.

பெரிய தவறு வட்டியில்தான் நடக்கிறது. தேக்கின் இன்றைய விலையை அப்படியே இருபதாம் ஆண்டு வரவாகப் போட்டுவிட்டு, தள்ளுபடி வீதத்துக்கு (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம்) மட்டும் 12 சதவீத வங்கி வட்டியை எடுக்கிறார்கள். அந்த வட்டிக்குள் பணவீக்கம் இருக்கிறது, விலைக்குள் இல்லை. 20 ஆண்டு கழித்து வரும் 1 லட்சம் ரூபாய்க்கு 12 சதவீதத்தில் இன்றைய மதிப்பு சுமார் 10,400 ரூபாய். பணவீக்கம் 6 சதவீதம் என்று வைத்து நீக்கினால் (1.12 ÷ 1.06) வீதம் 5.7 சதவீதம் ஆகும், மதிப்பு 33,000 ஆகிவிடும். மூன்று மடங்கு! இன்றைய விலையைப் போட்டால் பணவீக்கம் நீக்கிய வட்டியைப் போடுங்கள். வங்கி வட்டிதான் வேண்டுமென்றால் விலையையும் கூலியையும் ஆண்டுக்கு ஆண்டு ஏற்றுங்கள்.

அடுத்தது, 4 ஆண்டுச் சவுக்கையும் 20 ஆண்டுத் தேக்கையும் நிகர இன்றைய மதிப்பை (வரவு, செலவு இரண்டையும் இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கழித்த மிச்சம்) மட்டும் வைத்து ஒப்பிடுவது. உதாரணத்துக்கு, 10 சதவீத வீதத்தில் ஏக்கருக்குச் சவுக்கு 1 லட்சம், தேக்கு 2 லட்சம் காட்டினால் தேக்குதான் மேல் என்று தோன்றும். அதே வீதத்தில், வருடா வருடம் கிடைக்கும் சமமான தொகையாக மாற்றினால் சவுக்குக்கு 31,500, தேக்குக்கு 23,500. சவுக்கை வெட்டியதும் நிலம் திரும்பக் கைக்கு வந்துவிடுகிறதே! இப்படித் தொடர் சுழற்சிகளை வைத்து நிலத்தை மதிப்பிடும் வழியை ஜெர்மானிய வனவியலாளர் மார்ட்டின் ஃபாஸ்ட்மன் 1849லேயே கொடுத்துவிட்டார்.

கன அடியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மர வியாபாரத்தில் சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கும் அளவு புழக்கத்தில் உண்டு. அது உண்மையான கன அளவில் 78.5 சதவீதம்தான். மென்பொருள் தரும் முழு அளவை, அந்த வியாபார அளவுக்குச் சொல்லும் விலையோடு பெருக்கினால் வரவு 27 சதவீதம் வீங்கித் தெரியும்.

வண்டல் மண்ணில் வளர்ந்த தேக்கின் விளைச்சல் அட்டவணையை மானாவாரிச் செம்மண்ணுக்குப் போடாதீர்கள். ஆலை வாசல் விலையை (ஆலையில் கொண்டுபோய் இறக்கினால் தரும் விலை) போட்டால் வெட்டுக்கூலி, பட்டை உரிப்பு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாவற்றையும் கழியுங்கள். தைலமரம் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பாகத் துளிர்க்கும். ஆனால் சவுக்குக்கு ஒவ்வொரு முறையும் கன்று வாங்கி நடும் செலவு உண்டு.

அப்புறம் புயல். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கடலூரிலும், 2018 நவம்பரில் ‘கஜா’ புயல் டெல்டாவிலும் தோப்பு தோப்பாக மரங்களைச் சாய்த்தன. அங்கெல்லாம் நட்ட கன்று அத்தனையும் வெட்டுக்கு வரும் என்று எழுதுவது தப்பு. விலை கால் பங்கு குறைந்து, வெட்டு இரண்டு வருடம் தள்ளிப்போனால் என்ன மிஞ்சும் என்று தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கடன் எவ்வளவு வாங்கலாம் என்பதை அந்தத் தாளை வைத்து முடிவு செய்யுங்கள்.