வலி மாத்திரை கேட்கும் முன் அட்டையைத் திருப்புங்கள்

தாராவி 90 அடி சாலையில் மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்பவன் நான். தோல் பட்டறை முடிந்து வருகிறவர்களும், இருட்டிலேயே எழுந்து இட்லி அவித்துக் கூடையில் அனுப்பிய அக்காமார்களும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணாச்சி, வலிக்கு இரண்டு மாத்திரை கொடுங்கள்.”

இரண்டை மட்டும் வெட்டிக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். வெட்டும் முன் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். காலையில் பல்வலிக்கு ஒன்று, மாலையில் இடுப்புக்கு இன்னொன்று என்று போட்டால் வலி கூடுதலாகக் குறையாது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் வாய்ப்புதான் கூடும். காம்பிஃபிளாம் ஒன்றில் இபுபுரூஃபன் 400 மி.கி.யோடு பாராசிட்டமால் 325 மி.கி.யும் இருக்கிறது. அதோடு காய்ச்சலுக்கு டோலோ 650 போடுகிறவர் இரண்டிலும் உள்ள பாராசிட்டமாலைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது.

மருத்துவரைப் பார்க்காமல் நீங்களாகப் போடுவதென்றால் இபுபுரூஃபன் ஒரு வேளைக்கு 400 மி.கி., ஆறிலிருந்து எட்டு மணி நேர இடைவெளி, நாளுக்கு 1200 மி.கி.க்குள். வலி குறைந்ததும் நிறுத்துங்கள். மூட்டில் மட்டும் வலி என்றால் முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பாருங்கள். ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று பலரும் நம்புகிறார்கள். சாப்பிட்டபின் போடுவது நல்லதுதான், எரிச்சல் குறையும். ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே இந்த மருந்து ரத்தம் வழியாகத் தடுக்கிறது. ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம் என்பது அதனால்தான். மலம் தார்போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் நான் கொஞ்சம் அதிகமாகவே கேள்வி கேட்பேன். டெல்மிசார்ட்டன் போன்றதும், சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையும், இந்த வலி மாத்திரையும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வாந்தி, பேதியில் உடம்பு வற்றியிருந்தால் இன்னும் மோசம். இதயநோய், சிறுநீரகக் கோளாறு, பழைய வயிற்றுப்புண், ரத்தம் உறையாமலிருக்க மருந்து, வலி மாத்திரையால் இழுப்பு வந்த ஆஸ்துமா, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகளும் அப்படியே, 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம்.

மும்பை மழைக்காலத்துக்கு மட்டும் தனியாக ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் தேங்கிய தண்ணீரில் நடந்துவிட்டு, சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியுமாக வருகிறவருக்கு இந்தக் குடும்பத்தில் ஒரு மாத்திரைகூட எடுத்துத் தர மாட்டேன். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலாக இருந்தால் அது சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வரலாம். இரண்டிலும் இந்தக் குடும்பத்து மாத்திரை கெடுதல்தான். அளவோடு பாராசிட்டமால் மட்டும் கொடுத்து அன்றைக்கே சயான் மருத்துவமனைக்கு அனுப்புவேன். தண்ணீரில் நடந்ததையும், ஏற்கெனவே விழுங்கிய மாத்திரைகளின் பெயரையும் அங்கே முதலிலேயே சொல்லச் சொல்வேன்.