கொழும்பில் ஒரு ஹொட் ரொட்: மொறிஸ் மைனரில் கை வைக்கிறவர்களுக்கு

ஹொட் ரொட், அதாவது வேகத்துக்காக வெட்டி மாற்றிய பழைய கார், என்றதும் கண்முன் வருவது 1932 ஃபோர்ட்தான். 65 குதிரைவலு வி8 எஞ்சின், வண்டியைத் தாங்க ஏணி மாதிரி ஒரு செசி (அடிச்சட்டம்). கலிபோர்னியாப் பெடியள் மட்காட், பொனெட் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு வறண்ட ஏரிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அதை இங்கே தேடினால் காலம்தான் போகும். 1948 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் என்ற பிரித்தானியச் சின்னக் காரோ இன்றும் கொழும்புத் தெருவில் கண்ணில் படுகிறது. நாம் கை வைப்பது அதில்தான்.

முதலில் புத்தகம். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்துவராத வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள். எஞ்சின் மாற்றுவதாக இருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

அடுத்தது துரு. மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தத்தைப் பொடியில் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான். பிறகு வண்டிக்குக் கீழே படுத்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிப்பெட்டி, முன் சீற்றுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டம், பின் வில்தகடு தொங்கும் இடம் மூன்றையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் எங்கேயாவது உள்ளே போகும்.

இனித்தான் முக்கியமான வேலை. மைனருக்குத் தனிச் செசி கிடையாது. தளமும் அடிப்பெட்டியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. இது தெரியாமல் என் முதல் வண்டியில் இரண்டு பக்க அடிப்பெட்டிகளையும் ஒரே நாளில் வெட்டிவிட்டேன். வெல்டிங் முடிந்து பார்த்தால் கதவு மூடவில்லை, வண்டி நடுவில் வளைந்துவிட்டது. தகர வேலை செய்யும் டிங்கர் பாஸ் வந்து பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, வெட்ட முந்தி கதவு வாசலுக்குக் கம்பி அடிச்சீங்களா?"

ஆகவே இரண்டு கதவு வாசல்களுக்கும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் பண்ணுங்கள். வண்டி மட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கத்தை வெட்டி, புதுத் தகரம் வைத்து முழுதாக முடித்த பிறகே மற்றப் பக்கத்தைத் தொடுங்கள். ஒவ்வொரு துண்டையும் முதலில் பொட்டுப் பொட்டாக ஒட்டிவிட்டு, கதவைத் தொங்கவிட்டு மூடிப் பாருங்கள். எரிச்சலான வேலைதான்.

தளம் திறந்திருக்கும்போதே பிரேக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பழுது பாருங்கள். சாரதியின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள் அது ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டை உருவ விடாமல், முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் முறுக்குக் கம்பி தடுக்கும். அந்தக் கம்பியில் இறுகிய விசை பொல்லாதது. சில்லைத் தாங்கும் கீழ்க்கைக்கு ஜக் கொடுக்காமல் தளர்த்தாதீர்கள்.

வண்டியைப் பதிக்க ஆசை எல்லோருக்கும் வரும். முன்னுக்கு முறுக்குக் கம்பியின் பல்லை மாற்றிப் பொருத்தலாம், பின்னுக்கு வில்தகட்டுக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைக்கலாம். ஒன்றரை அங்குலம் போதும். அதற்கு மேல் நம் ஒழுங்கைகளின் வேகத்தடைகள் விடாது.

எஞ்சினுக்கு, பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. மைனரின் கடைசி 1098 சீசீ எஞ்சின் 48 குதிரைவலு தரும். அதே குடும்பத்து 1275 சீசீ எஞ்சின் கிடைத்தால் அதிகம் வெட்டாமல் உட்காரும். ஆனால் முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் போடாமல் பெரிய எஞ்சினை வாங்காதீர்கள். அந்தக் காசை முதலில் பிரேக்குக்குக் கொடுங்கள்.

வயரிங்கில் ஒரு பொறி உண்டு: மைனரில் பற்றறியின் நேர்முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். பற்றறியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவைக் கழற்றி ஒல்டனேற்றர் போட்டால் பொடி இணைப்பை எதிர்முனைக்கு மாற்ற வேண்டும். மறந்தால் ஒல்டனேற்றர் புகைந்துவிடும்.

முதல் ஓட்டம் ஞாயிறு விடியற்காலையில், வீட்டைச் சுற்றி மட்டும். திரும்பி வந்து சில்லு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கட்டாயம் ஒன்றாவது தளர்ந்திருக்கும்.